மந்திரி நட்ட மரம்

அடையாற்றங்கரையில், கும்பினிக் காலத்தில் எவனோ ஒரு துரை வைத்துவிட்டுப் போன தோட்டம் ஒன்று இருந்தது. நூற்றைம்பது வருஷத்து மரங்கள். கிளி, கீரி, நரி எல்லாம் சர்க்கார் அனுமதி ஏதுமின்றி அங்கே குடியிருந்து வந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் திடீரென்று கண் விழித்து, அதைச் சரித்திரப் புகழ் வாய்ந்த சுற்றுலாத் தலமாக அறிவித்தது. திறந்துவைக்க மந்திரி வருகிறார். ஏற்பாடெல்லாம் சுற்றுலா இலாகா அதிகாரி மயிலாப்பூர் சுப்பராமன் தலையில் விழுந்தது.

"ஏதாவது குளறுபடி ஆச்சு, தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்றார் டைரக்டர் ராஜரத்தினம்.

சுப்பராமனுக்கு வீடு ஞாபகம் வந்தது. பெண்ணுக்கு இப்போதுதான் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. குளத்தங்கரை வீட்டையும் காலைக் காப்பியையும் விட்டுவிட்டு மனுஷன் எங்கே போவான்?

மந்திரி எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மரக்கன்று நடாமல் திரும்புவதில்லை. அந்தக் கன்றை நட இடம் தேடித் தோட்டத்தைச் சுற்றி வந்த சுப்பராமன் திடுக்கிட்டார். எங்கே பார்த்தாலும் மரம்!

வாட்ச்மேன் காதரைக் கூப்பிட்டார். "நடுவிலே நிக்கற இந்த மரத்தை வெட்டிடணும்."

"எதுக்கு சார்?"

"மரம் நடறதுக்கு."

"இன்னா சார் இது? கீற மரத்த வெட்டிக்கினு மரம் வெக்கப் போறீங்களா?"

"இது சும்மா நிக்கற மரம்ப்பா. அது மந்திரி நடற மரம்."

காதருக்கு நியாயம் உடனே விளங்கியது. அவன் மச்சானுக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் விறகு விற்கிற தொட்டி இருந்ததும் அதற்கு ஒத்தாசை செய்தது.

மரம் விழுந்ததும் போட்டோகிராபர் வந்து பார்த்தார். பக்கத்து மரங்களின் நிழல் மந்திரி முகத்தில் விழும் என்றார். அவற்றை வெட்டினார்கள். மேடைக்கு இடம் வேண்டியிருந்தது; கார்கள் நிற்க இடம் வேண்டியிருந்தது. வெட்டினார்கள். பிறகு பார்த்தால் வெயில் மண்டையைப் பிளந்தது. மந்திரிக்கு வெயில் ஆகாதே! பந்தல் போடத் தீர்மானமாயிற்று. மிச்சமிருந்த மரங்களில் நேரானவை பந்தற்கால்கள் ஆயின. கோணலானவை, நேராக வளராத குற்றத்துக்காக விறகாயின. நரிகளும் கிளிகளும் எந்த ஆட்சேபணையும் தெரிவிக்காமல் இடத்தைக் காலி செய்து ஒத்துழைத்தன.

கடைசி மரம் சாய்ந்தபோது சுப்பராமனுக்கு மனசு அடித்துக்கொண்டது. நிஜமாகவே கண் கலங்கியது. ஆனால் தண்ணியில்லாக் காடு ஞாபகத்துக்கு வந்ததும் துடைத்துக்கொண்டார்.

மந்திரி வந்தார். பந்தலுக்கடியில் நின்று நாலாபக்கமும் பார்த்தார்.

"எவ்வளவு பெரிய பொட்டல்! இதுலயா தோட்டம் போடத் துணிஞ்சீங்க?"

டைரக்டர் ஒரு விநாடிதான் விழித்தார். "ஆமாங்கய்யா. எல்லாம் நம்ம சுப்பராமன் முயற்சிதான்."

கைதட்டல் வானைப் பிளந்தது. மந்திரி கன்றை நட்டுவிட்டு, சுப்பராமன் தோளில் தட்டிக்கொடுத்தார். "இந்த மாதிரி ஆளை மெட்ராஸ்ல வெச்சு வீணாக்கக் கூடாது. ராமநாதபுரம் பக்கம் சொட்டுத் தண்ணியில்லாம பெரிய பொட்டல் கிடக்கு. பதவி உயர்வு கொடுத்து அங்க அனுப்புங்க!"

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சுப்பராமன் மனைவி விசாலத்தைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அடையாறு, தி. நகர், அசோக் நகர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் டிபன் காரியரோடு வந்திருந்தார்கள். பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்தார்கள். கன்றைச் சுற்றி நின்று, "என்ன இருந்தாலும் இயற்கை இயற்கைதான்" என்று பெருமூச்சு விட்டார்கள். விசாலம் கூட்டத்துக்குள் புகுந்து கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

காதரோடு பேசிவிட்டு, கூட்டம் கலைந்த பிறகு சுப்பராமன் கன்றைப் பார்க்கப் போனார். ஒரு குச்சி நின்றது. பேருக்குக்கூட அதில் இலை இல்லை.

"அடப்பாவிகளா! இருந்தது ஒண்ணே ஒண்ணு. இதையும் மொட்டையடிச்சுட்டாளே! மனுஷாளா இவாள்லாம்?" என்று கத்தினார்.

விசாலம் தயங்கித் தயங்கிக் கையை விரித்தாள். "ஊரை விட்டுப் போறோமே, ஞாபகமா இருக்கட்டுமேன்னு... ஒரே ஒரு இலைதான்னா. எல்லாரும் பறிச்சா, நானும் பறிச்சேன்."

சுப்பராமன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு அந்த இலையை வாங்கி, கசங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.