மச்சினனைப் பேப்பரில் திட்டிய கதை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழைக்காலத்தில்தான் வாய். எனக்கு வருஷம் முழுக்க.

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூர் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக் பையன்களின் கால்பந்துக் குழுவுக்கு நான் மேனேஜர். (பந்தை உதைக்கத் தெரியாதவனுக்கு வேறு என்ன பதவி கொடுப்பார்கள்?) தோற்றவுடன் சொந்த ஆட்டக்காரர்களையே இங்கிலாந்து மேனேஜர்கள் பேப்பரில் கிழிகிழியென்று கிழிப்பதைப் படித்துப் படித்து, மேனேஜருக்கு அதுதான் லட்சணம் என்று நம்பியிருந்தேன்.

கோல்கீப்பர் சேகர், என் மனைவி சரோஜாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாத அந்த இருவருக்கும் ஒருவரை விட்டால் ஒருவர் கிடையாது. அவனுக்குக் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை, தேக்காவில் நண்பர்களோடு ஓர் அறை. வேறு கீப்பர் கிடைக்காமல் நான்தான் அவனைக் கெஞ்சி இழுத்து வந்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு கோல் வாங்கித் தோற்றோம். தமிழ்ப் பேப்பர் நிருபர் காரணம் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "பத்துப் பேர் விளையாடினார்கள். பதினோராவது ஆள் சேகர், கோல் கம்பத்துக்குத் துணையாக நின்றார்" என்றேன்.

புதன்கிழமை அது அச்சில் வந்தது, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல்.

"இது நீங்க சொன்னதா?" என்றாள் சரோஜா.

"மேனேஜர்னா அப்படித்தான் சொல்லணும் சரோ. இங்கிலாந்துல எல்லாம்..."

"ஓ! வர்ற ஞாயித்துக்கிழம எம்புள்ளைய இங்கிலாந்துல யாரு மடியில வச்சுக் காது குத்துவாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பத்து மாத மகளுக்குக் காதுகுத்து. சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் மண்டபம் எடுத்து, ஊரையே அழைத்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். இருப்பதே ஒரு மாமன். அவனைத்தான் ஊரறியச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறேன்.

"அவன் வரலன்னா விசேஷமே கெடையாது. புள்ள மூளிக் காதோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மூன்று நாள் தேக்காவுக்கு அலைந்தேன். அந்தச் செய்தியைக் கத்தரித்து அறைக் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள் அவன் நண்பர்கள். "சேகர் வேலைக்குப் போயிட்டான் லா" என்று பாதிக் கதவைத் திறந்து பதில் வந்தது. மூன்று நாளும் அதே பதில்தான்.

ஞாயிறு காலை, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். மாமனைத்தான் காணோம். "என்ன மேனேஜர், ஆள் பத்தலையா?" என்றார் ஓர் உறவுக்காரர். மண்டபமே சிரித்தது. சரோஜா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது சேகர் வந்தான். வெள்ளை வேட்டி, கையில் தாம்பாளம், அதில் பட்டுப் பாவாடையும் தங்கத் தோடும். "பஸ்ஸு லேட்டு லா. நேரம் போயிடலயேக்கா?" என்று கேட்டபடி பாயில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு.

"விரல்ல என்னடா?"

"பட்டறையில தகடு விழுந்துச்சு அத்தான். பத்து நாளாச்சு."

பத்து நாள்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு. கையுறைக்குள் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா யார நிறுத்துவீங்க? வேற கீப்பர் ஏது?"

ஊசி இறங்கியதும் என் மகள் வீரிட்டு அலறி, அந்தக் கட்டுப் போட்ட விரலையே பிடித்து முறுக்கினாள். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும், "அவ்ளோதான்டா தங்கம், முடிஞ்சிருச்சு" என்று கொஞ்சினானே தவிர, பிடி தளரவில்லை. அடடா, என்ன மனுஷன்! வயதில் சின்னவன் என்றுகூடப் பார்க்காமல் அவன் காலில் விழுந்திருப்பேன்.

விழவில்லை. எழுந்து நின்று, "நான் பேப்பர்ல சொன்னது தப்பு. அன்னைக்கு ஒழுங்கா விளையாடுன ஒரே ஆளு இவன்தான்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். (நிருபரை அன்றைக்கு அழைத்திருக்கலாம்.)

இன்று மகளுக்கே இரண்டு பிள்ளைகள். சாம்பாரில் உப்பு குறைவு என்று நான் வாய் திறந்தால் போதும், "அப்பா, பேப்பருக்குச் சொல்லியாச்சா?" என்று வீடே கேட்கும். சேகர் மட்டும் ஒரு நாளும் அந்தக் கிண்டலில் சேர்ந்ததில்லை. "விடுங்க லா, அன்னைக்கு அத்தானுக்கு என்ன டென்ஷனோ" என்று எனக்காகப் பரிந்து பேசுவான். வீட்டார் கிண்டலெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. அவன் பரிந்து பேசும்போதுதான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.