நாற்பதாவது டப்பா

வீராம்பட்டினத்தில் முப்பத்தொன்பது டப்பாக்கள் நிரம்பி வந்துவிட்டன. இட்லிக்கடை தனக்கொடியின் டப்பா மட்டும் கணக்கெடுக்க வந்த செல்வகுமாரின் கையில் காலியாக இருந்தது.

“நாடு முழுக்கக் குடற்புழுக் கணக்கு எடுக்கறாங்கக்கா. கொஞ்சூண்டு மலம் போதும்.”

“அம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கேன் தம்பி. தேர் முடியறவரைக்கும் அந்தக் கருமத்த வீட்டுல வெக்க முடியாது. எடுத்துக்கினு போ.”

மறுநாள் நாற்பதும் போய்ச் சேராவிட்டால் மேலதிகாரி பாரதி திட்டுவார். விரதக்காரியைத் தொந்தரவு செய்யவும் செல்வகுமாருக்கு மனமில்லை. காலையில் ரெட்டியார்பாளையத்தில், தன் வீட்டுக் கழிப்பறையிலேயே அந்த டப்பாவை நிரப்பி, தனக்கொடி பேரை ஒட்டிவிட்டான். யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தான், பாவம்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. முப்பத்தொன்பது பேருக்கு ஒன்றுமில்லை. தனக்கொடிக்குக் கொக்கிப்புழு.

செல்வகுமார் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி அவனையும் அழைத்துக்கொண்டு போய்க் கடை வாசலில் நின்றாள். “உங்க வயித்துல புழு இருக்குதாம்மா, இத மென்னு முழுங்குங்க!” தெருவுக்கே கேட்டது.

தனக்கொடி செல்வகுமாரை ஒரு கணம் பார்த்தாள். “விரதம்மா. அப்புறம் பாத்துக்கறேன்” என்று மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் இட்லிக் குண்டானில் ஆவி வந்தது, ஆள் வரவில்லை.

செல்வகுமார் பதறிப்போய் வீடு வீடாகப் போனான். “அக்காவுக்கு இருக்கறது சும்மா புழுதாங்க. பயப்படாதீங்க.” அதுவரை விஷயம் தெரியாத அடுத்த தெருவுக்கும் தெரிந்துபோனது.

பிறகு தானே தினமும் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

“ஆபீஸ்காரன் தெனமும் வந்து சோதனை பண்றான். விஷயம் பெருசு போல,” என்றார் எதிரே வலை பின்னிக்கொண்டிருந்த கொளஞ்சி. எப்போதாவது எட்டிப் பார்த்த நாலு பேரும் நின்றுபோனார்கள்.

தனக்கொடி மட்டும் அவன் கேட்காமலே இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினாள். “நல்லா சாப்புடு தம்பி. எளைச்சிக் கெடக்கற.”



பாரதியிடம் கெஞ்சி மறுபரிசோதனைக்கு ஒரு டப்பா வாங்கினான். தேர் இன்னும் முடியவில்லை. மூன்று நாள் வேப்பங்கொழுந்தை விழுங்கிவிட்டு, கடவுளிடம் மன்னிப்புக் கேட்டபடி மறுபடி தானே நிரப்பினான். முடிவு வந்தது: புழு இல்லை.

காகிதத்தைத் தெருவெல்லாம் காட்டினான். இரண்டு பேர் வந்து பொட்டலம் வாங்கிப் போனார்கள். அதற்கே தனக்கொடி கும்பிட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“அக்கா, ரெண்டு டப்பாவும் என்னோடது. உங்க பொழப்பக் கெடுத்தது என் புழு. நாட்டுக் கணக்கும் தப்பாப் போச்சு. பாரதி மேடத்துக்கிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்.”

“தெரியும்” என்றாள் அவள், இட்லித் துணியைப் பிழிந்தபடி. “டப்பாவே குடுக்காதவளுக்குப் புழு எப்பிடி வரும்?”

“அப்பவே ஏன்க்கா சொல்லல?”

“உன் வேல போயிருக்கும். காப்பு கட்டின கையால அதப் பண்ணுவனா?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நல்லவேளை, வேப்பங்கொழுந்து காப்பாத்துச்சு.”

“வேப்பங்கொழுந்தா?” தனக்கொடி முந்தானையை உதறிக் காட்டினாள். “நர்சு குடுத்த மாத்திரைய உன் சட்னிலதான் அரைச்சுப் போட்டேன்!”