மருந்துக்கடை மாஜிஸ்திரேட்

மாத்திரை விற்பவர்களில் ஒரு வகை உண்டு. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்ததுமே இவர்கள் நீதிபதியாகிவிடுவார்கள். சட்டப் புத்தகம் எதையும் புரட்டியதில்லை, தேவையும் இல்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்தால் போதும், சட்டம் தானாக நாக்கில் ஊறும்.

ஆண்டிமடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் மரிய ஆல்பர்ட் இந்த வகையில் முதல் தரம். ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் மொய்த்த வேளையில் அங்கே வந்து நின்றாள் ஆனி ரோஸ். கரு தங்காமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். டாக்டர் சீட்டு தேவைப்படாத மாத்திரை. தாமதமானால் பலிக்காத மாத்திரை. ஏற்கெனவே ஒரு நாள் போய்விட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

ஆல்பர்ட் குரலை உயர்த்தினார். "அந்த மாத்திரையா? யாருக்கும்மா?"

"எனக்குத்தாங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"மாத்திரை இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க."

"பொம்பளைங்க தனியா வந்தா குடுக்கக் கூடாதும்மா. வூட்டுக்காரரக் கூட்டிட்டு வரணும். சட்டம் அப்படி."

எந்த நாட்டுச் சட்டம்? யார் கூடி எப்போது இயற்றியது? அவள் கேட்க வாயெடுப்பதற்குள் வரிசையில் பின்னால் நின்ற காண்டிராக்டர் அண்ணாதுரை கையை நீட்டினார். ஓர் அட்டை தூக்க மாத்திரை, சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத சரக்கு, காகித உறைக்குள் போய், "காபி சொல்லட்டுமாண்ணே" என்ற உபசாரத்தோடு கைமாறியது.

"அவருகிட்ட சீட்டு கேக்கலையே?" என்றாள் ஆனி ரோஸ்.

"அவரு நமக்குத் தெரிஞ்ச மனுஷன்."

"சரிங்க. அதோ சர்டிபிகேட் மாட்டியிருக்கீங்களே, மருந்தாளுநர் வினோதினின்னு. அவங்களக் கூப்பிடுங்க, கேட்டுக்கறேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். வினோதினி திருப்பூரில் குடியேறி வெகுகாலமாகிறது. கடையில் இருப்பது கண்ணாடிக்குள் அவர் பெயர் மட்டும். மருந்தாளுநர் இல்லாமல் மருந்து விற்கக் கூடாது என்பது நிஜச் சட்டம். மாதா படத்துக்குக் காட்டும் ஊதுபத்தியை சர்டிபிகேட்டுக்கும் ஒரு சுற்றுக் காட்டி அதை ஆல்பர்ட் சரிக்கட்டிவந்தார்.

"அவங்க லீவு," என்றவர், "ஸ்டாக்கும் இல்ல," என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் அரியலூர் பஸ் ஏறினாள். உடனே வரிசையில் ஒருவர் கழுத்தை நீட்டினார். "என்ன மாத்திரை கேட்டுச்சு?" ஆல்பர்ட் விவரமாகச் சொன்னார். அதற்கு மட்டும் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை.

அரியலூரில் ஏறி இறங்கிய கடைகளில் கடைசியாக ஒன்றில், ஒரு பெண் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

நீங்கள் ஆல்பர்ட் இல்லை, கழுத்தை நீட்டியவரும் இல்லை. சந்தோஷம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: ஆனி ரோஸுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று எந்த வரியிலிருந்து தேட ஆரம்பித்தீர்கள்?