முள்ளம்பன்றி துடுப்பு வாங்கிய கதை

ஒரு காட்டில், பாதி மரமும் பாதி உப்புத் தண்ணீருமாக இருந்ததால் காடு என்பதா கழி என்பதா என்று குடியிருந்தவர்களுக்கே முடிவாகாத ஒரு காட்டில், கண்டகன் என்ற முள்ளம்பன்றி தன் மனைவி சல்லகியோடு மேற்குக் கரையில் வாழ்ந்துவந்தான். கண்டகன் என்றால் முள் உடையவன் என்று பொருள். அங்கிருந்த எல்லா முள்ளம்பன்றிகளுக்கும் இந்தப் பொருள் பொருந்தும் என்பதால், பெயர் வைத்தவர் அதிகம் சிரமப்படவில்லை என்று தெரிகிறது.

மேற்குக் கரை தாழ்வானது. ஐப்பசி பிறந்தால் வளைக்குள் தண்ணீர் வந்துவிடும். போன ஐப்பசியில் கணவனும் மனைவியும் பதினேழு நாள் ஒரு சுரபுன்னை வேரின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். முள் உள்ள இருவர் ஒரே வேரில் பதினேழு நாள் உட்கார்ந்திருப்பது இல்லறத்துக்கு நல்லதல்ல. இந்த ஆண்டு சல்லகி நிறைமாதமாக வேறு இருந்தாள்.

"வேர் மேல எல்லாம் என்னால பிள்ளை பெத்துக்க முடியாதுங்க. மேட்டுக்கரையில ஒரு வளை பாருங்க. பாக்கலைன்னா நீங்களே பெத்துக்கோங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

கழிக்கு அப்பால், கிழக்கே இருந்த மேட்டுக்கரையில் காலியாக இருந்தது ஒரே ஒரு வளை. செம்மண் வளை, இரண்டு வாசல், உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. அதைக் காட்டு அலுவலகம் ஒதுக்கீடு செய்வதாக அறிவித்திருந்தது. புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள், தன் சொந்தக் கயாக்கில், துடுப்புடன் நேரில் வந்து சேரும் முதல் விண்ணப்பதாரருக்கு வளை வழங்கப்படும் என்று அறிவிப்பு சொன்னது.

கயாக் என்பது ஒருவர் மட்டும் காலை நீட்டி உட்காரக்கூடிய ஒடுங்கிய படகு. இரண்டு முனையிலும் தட்டை வைத்த ஒற்றைத் துடுப்பால் இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காட்டில் வீட்டுக்கு வீடு கயாக் இருந்தது. புலி ராஜா தன் பட்டாபிஷேகத்தின்போது குடும்பத்துக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்திருந்தார். துடுப்பு அடுத்த பட்டாபிஷேகத்தில் தரப்படும் என்று அப்போதே சொல்லியும் இருந்தார். ஆகவே கயாக்கில் வெங்காயம் காயவைத்தவர்கள் உண்டு, குழந்தையைத் தூங்கவைத்தவர்கள் உண்டு, அதில் ஏறி எங்கேயாவது போனவர்கள் மட்டும் கிடையாது.

துடுப்பைக் காசு கொடுத்து வாங்கலாம். கடை ஒன்றுதான். அதை நடத்தியவர் உதகர் என்ற நீர்நாய். தண்ணீரில் குதித்தால் வெறும் உடம்போடு அக்கரைக்குப் போய்த் திரும்பிவிடக்கூடியவர். தனக்கு ஒருநாளும் தேவைப்படாத பொருளைப் பற்றி அவர் அளவுக்குத் தெரிந்தவர் அந்தக் காட்டில் இல்லை.

"உக்காருங்கண்ணே. துடுப்புங்கிறது மூணே விஷயம். எடை, உழைப்பு, விலை. இதுல ரெண்டு உங்களுக்குச் சாதகமா அமையும். மூணாவது எனக்கு" என்றார் உதகர்.

காட்டில் செல்லுபடியானது முள்ளம்பன்றி முள். அலுவலகத்தில் அதைத்தான் பேனாவாகப் பயன்படுத்தினார்கள். கண்டகன் பணத்தை முதுகில் சுமந்துகொண்டு திரிந்தவன் என்றாலும், ஒவ்வொரு செலவும் அவனுக்குச் சுருக்கென்று வலித்தது.

உதகர் முதல் துடுப்பை எடுத்துப் போட்டார். அலுமினியத் தண்டு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தட்டை. "இருபது முள்தான். கல்லுல அடிச்சாலும் உடையாது. எடைதான் ஒன்றேகால் கிலோ. பாதி தூரத்துல தோள்பட்டை கழண்டு விழும். ஆனா துடுப்பு கழலாது."

கண்டகன் துடுப்பைக் கையில் வாங்கினான். அப்படியே தண்டைக் கடித்தான்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"உழைப்பு பாக்கறேன்."

இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. எந்தப் பொருளின் தரத்தையும் பல்லால் அறிவதே முள்ளம்பன்றிகளின் மரபு. எலும்பு, மான் கொம்பு, மண்வெட்டிப் பிடி, அடுத்தவர் செருப்பு என்று தலைமுறை தலைமுறையாகக் கடித்துப் பார்த்தே அவர்கள் உலகத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அலுமினியம் கண்டகனின் முன்பல்லில் கூசியது. பிளாஸ்டிக்கில் ஒரு ருசியும் இல்லை.

அடுத்தது கண்ணாடி இழை. தொள்ளாயிரம் கிராம், அறுபது முள். "நடுத்தரக் குடும்பத்துக்குப் பாந்தமானது" என்றார் உதகர். கடித்ததும் ஈறு முழுக்க ஊசி ஊசியாக ஏறியது. தன்னைத் தொட்டவர்கள் இதுநாள்வரை என்ன அனுபவித்தார்கள் என்பது கண்டகனுக்கு முதன்முறையாகப் புரிந்தது. ஆனால் அவன் திருந்துவதற்கு வந்திருக்கவில்லை, துடுப்பு வாங்க வந்திருந்தான். ஆகவே அடுத்ததைக் கேட்டான்.

அடுத்தது கார்பன் இழை. உதகர் அதைக் கொடுக்காமல் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அறுநூற்று ஐம்பது கிராம்ணே. கையில இருக்கிறதே தெரியாது. பாறையில இடிச்சா மட்டும் விரிசல் விடும். இருநூறு முள். தயவுசெஞ்சு இதுல பல்லு வைக்காதீங்க. பல்லு வெச்சா வாங்கியாகணும்."

கண்டகன் பல்லை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பதினோரு நாள் உட்கார்ந்து ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் எழுதினான். எடைக்கு நூற்றுக்கு இவ்வளவு, உழைப்புக்கு இவ்வளவு, விலைக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டான். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் வேறு துடுப்பு முதலிடம் பெற்றது.

"கார்பன்தான் சரின்னு தோணுது சல்லகி. வேகமாப் போயிடலாம்."

"இருநூறு முள்ளைக் குடுத்துட்டு வந்தா நீங்க முள்ளம்பன்றி இல்லீங்க, வெறும் பன்னி. பிறக்கிற பிள்ளைக்கு நான் யாரைக் காட்டுவேன்?"

இதற்குப் பட்டியலில் பத்தி இல்லாததால் கண்டகன் மறுபடி கடைக்குப் போனான். அன்றுதான் வாசல் ஓரமாகச் சாய்த்துவைத்திருந்த நான்காவது துடுப்பைப் பார்த்தான். அயினி மரத்தில் செதுக்கியது. வாடிக்கையாளர்கள் கையில் பிடித்துப் பழகுவதற்காக மாதிரிக்கு வைத்தது.

"அது மரம்ணே. ஒரு கிலோ. வருஷத்துக்கு ஒரு தடவை வார்னிஷ் அடிக்கணும். வேணும்னா முப்பது முள்ளுக்கு எடுத்துக்கோங்க" என்றார் உதகர் அசுவாரசியமாக.

கண்டகன் அதன் பிடியில் லேசாகப் பல்லை வைத்தான். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. எத்தனையோ வாடிக்கையாளர்கள் எத்தனையோ மாதங்களாக வியர்த்த கையால் பிடித்துப் பார்த்த பிடி அது. மரத்தின் நரம்பு ஒவ்வொன்றிலும் உப்பு இறங்கியிருந்தது. உப்பு என்றால் முள்ளம்பன்றிகளுக்கு மற்றவை மறந்துபோகும்.

"எடையும் உழைப்பும் விலையும் ஒரு புள்ளியில சமநிலைக்கு வருது" என்றான் கண்டகன். முப்பது முள்ளை அங்கேயே பிடுங்கிக் கொடுத்தான்.

புரட்டாசி கடைசி வெள்ளி வந்தது. விண்ணப்பதாரர்கள் இரண்டே பேர். மேற்குக் கரையில் மற்றவர்கள் மரம் ஏறுகிறவர்கள். அவர்களுக்கு வளை தேவையில்லை. கண்டகனுக்குப் போட்டியாக வந்தவன் வச்சிரன் என்ற அழுங்கு. உடம்பெல்லாம் செதில் போர்த்து எறும்பு தின்னும் பிராணி. இருவரும் இரவில் விழித்துப் பகலில் உறங்கும் சாதி. அலுவலக நேரமோ பகல். ஆகவே இருவரும் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு கரைக்கு வரும்போது மத்தியானம் இரண்டு மணி.

"என்ன கண்டகா, கட்டையைத் தூக்கிட்டு வர்றே? படகு விடப் போறியா, அடுப்பு எரிக்கப் போறியா?" என்றான் வச்சிரன்.

"கட்டை இல்லய்யா, அயினி. உன்னுது என்ன?"

"கார்பன். தூக்கினதே தெரியாது. முள்ளுக்கு எங்க போறது? வால் செதில் அத்தனையும் குடுத்து வாங்கினேன்."

"அதான் பின்னாடி கோழி உரிச்ச மாதிரி இருக்கு."

வச்சிரன் கயாக்கில் ஏறினான். கார்பன் துடுப்பு காற்றில் கோடு கிழிப்பதுபோல் சுழன்றது. கண்டகன் பத்துத் தள்ளு தள்ளுவதற்குள் அவன் கால்வாசிக் கழியைக் கடந்துவிட்டான்.

கண்டகனுக்கு வியர்த்தது. உள்ளங்கை வியர்வை பிடியில் இறங்கியது. வாசனை மூக்கில் ஏறியது. ஒரு சிராய் நீட்டிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. கையில் குத்திவிடக் கூடாது என்பதற்காக அதை மட்டும் கடித்து எடுத்தான். எடுத்ததும் துடுப்பு ஓர் இம்மி இலேசானதுபோல் இருந்தது. எடை குறைவது நல்லதுதானே? எல்லா நிபுணர்களும் அதைத்தானே சொல்கிறார்கள்? இடது பக்கம் இன்னும் கொஞ்சம் குறைத்தான். இப்போது வலது பக்கம் கனத்தது. துடுப்பு என்றால் சமநிலை முக்கியம் என்பதால் வலது பக்கத்திலும் குறைத்தான். அது சற்று அதிகமாகப் போய்விட்டது. மறுபடி இடது பக்கம். இப்படி முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணங்களுக்காக அவன் கடித்துக்கொண்டே போனதில், கழியின் நடுவே ஏப்பம் விட்டுக் கையைப் பார்த்தபோது கையில் துடுப்பு இல்லை.

அதே நேரத்தில் முன்னால் போன வச்சிரனின் மடியில் ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது. ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுகொள்வது அழுங்குகளின் பரம்பரை வழக்கம். வச்சிரன் சுருண்டான். சுருள்கிறபோது துடுப்பு கையைவிட்டு நழுவியது. அவ்வளவு இலேசான துடுப்பு என்பதால் நழுவியதே அவனுக்குத் தெரியவில்லை. அது மிதந்து, நீரோட்டத்தில் சேர்ந்து, கடலைப் பார்த்துப் போயிற்று.

இரண்டு கயாக்குகளும் துடுப்பில்லாமல் நின்றன. கண்டகனுக்குச் சுரபுன்னை வேர் நினைவுக்கு வந்தது. அதன்மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சல்லகி நினைவுக்கு வந்தாள். பயத்தில் அவன் முதுகு சிலிர்த்தது. முப்பது போக மிச்சமிருந்த முள் அத்தனையும் விசிறிபோல் விரிந்து நின்றன. மேல்காற்று வீசும் மாதம் அது. காற்று முள்ளுக்குள் புகுந்து தள்ள, கயாக் கிழக்கே நகர்ந்தது. கார்பன் வாங்கியிருந்தால் இந்தப் பாய்மரம் இருந்திருக்காது என்று அவனுக்குத் தோன்றியது. பயம் குறைந்தால் முள் படிந்துவிடுமே என்று தொடர்ந்து பயந்துகொண்டிருந்தான்.

இருந்தும், முன்னாலேயே வெகுதூரம் போயிருந்த வச்சிரனின் படகுதான் காற்றில் ஒதுங்கி முதலில் மேட்டுக்கரையைத் தொட்டது. மணி மூன்று ஐம்பது.

அங்கே ஒதுக்கீட்டு அலுவலராகப் பிலவர் என்ற கூழைக்கடா நின்றிருந்தார். அலகுக்குக் கீழே தொங்கும் பையில்தான் அலுவலகத்தின் கோப்புகள், முத்திரை, மை, மத்தியானச் சாப்பாடு எல்லாவற்றையும் வைத்திருந்தார்.

"துடுப்பு எங்கய்யா?"

"கடலுக்குப் போயிடுச்சு சார்" என்றான் வச்சிரன், பந்துக்குள்ளிருந்து.

"துடுப்புடன் நேரில் வரணும்னு போட்டிருக்கே. போய் எடுத்துட்டு வாங்க. அடுத்து!"

கரையேறிக்கொண்டிருந்த கண்டகன் இதைக் கேட்டான். அவனுடைய முன்னங்கால்கள் இரண்டும் காலியாக இருந்தன. திரும்பிப் போகவும் வழியில்லை.

"இவன்கிட்டயும் இல்ல சார்! கையைப் பாருங்க!" என்று வச்சிரன் பந்திலிருந்து தலையை நீட்டிக் கத்தினான்.

"துடுப்பு எங்க?" என்றார் பிலவர்.

பொய் சொல்ல நேரமில்லாததால் கண்டகன் உண்மையைச் சொன்னான். "சாப்பிட்டுட்டேன் சார்."

"சாப்பிட்டுட்டீங்க. சரி. இப்ப எங்க இருக்கு?"

"வயித்துல சார்."

பிலவர் வாயைத் திறந்து, விதிப் புத்தகத்தை எடுத்து, அதன்மேல் இருந்த மீனை உதறிவிட்டுப் படித்தார். "துடுப்புடன் வரணும். வந்திருக்கீங்க. கையில வெச்சிருக்கணும்னு எங்கயும் சொல்லலை."

"அக்கிரமம் சார்! உள்ள முழுங்கி வெச்சிருக்கிறதை எப்படி ஒத்துக்கலாம்?" என்றான் வச்சிரன்.

பிலவரின் பை சிவந்தது. "ஏன்யா, முப்பது வருஷமா இந்த அலுவலகமே என் வாய்க்குள்ளதான் நடக்குது. அப்ப இது அலுவலகம் இல்லையா? தள்ளி நில்லுய்யா."

கண்டகனின் பல்லிடுக்கில் இருந்த ஓர் அயினிச் சிராயைப் பிலவர் ஆதாரமாக எடுத்துக் கோப்பில் ஒட்டினார். பிறகு துடுப்பு விவரங்களை நிரப்பத் தொடங்கினார்.

"எடை?"

"தூக்கிட்டு வர்றதே தெரியலை சார்."

"உழைப்பு?"

"இனிமே உடையாது சார்."

"விலை?"

"முப்பது முள். அதுல மத்தியானச் சாப்பாடும் அடக்கம்."

பிலவர் எழுதுவதை நிறுத்தி அவனை மரியாதையோடு பார்த்தார். தன் பணிக்காலத்தில் மூன்று பத்தியிலும் இவ்வளவு உயர்ந்த மதிப்பெண்ணை அவர் போட்டதில்லை. மணி நான்கு அடிக்குமுன், மீன் வாசனையோடு ஒதுக்கீட்டு ஆணை பைக்குள்ளிருந்து வெளியே வந்தது.

மறுநாள் உதகர், ஆறு முள் கட்டணத்துக்கு, கண்டகனின் கயாக்கை மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், அதில் சல்லகியை உட்காரவைத்து நீந்தி இழுத்துவந்து சேர்த்தார். ஐப்பசி முதல் மழைக்கு முந்தைய நாள், உலர்ந்த செம்மண்ணில் அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. வச்சிரன் மழை முழுவதையும் சுரபுன்னை வேரின்மேல் சுருண்டு கழித்தான்.

நீதி: துடுப்பு வாங்குவோர் எடை, உழைப்பு, விலை ஆகிய மூன்றையும் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு, சமைக்காமல் சாப்பிடக்கூடியது எதுவோ அதை வாங்க வேண்டும்.