உன் தங்கச்சி முடி கொட்டுனதுக்கு நான் காரணம் இல்ல

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நான், தங்கள் தங்கை, மகன், மருமகள் நால்வரும் சுகம். தங்கள் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நேற்று தொலைபேசியில் என்னைத் திட்டிய வேகத்தைக் கேட்டதிலேயே தங்கள் நெஞ்சு, நுரையீரல், தொண்டை மூன்றும் முதல்தரமாக இருப்பது தெரிந்துவிட்டது. மிக்க மகிழ்ச்சி.

தாங்கள் தாங்கள்னு எழுதி எனக்கு மூச்சு முட்டுது மச்சான். ஆறாங்கிளாஸோட நின்னவன்கிட்ட இதுக்கு மேல மரியாதை எதிர்பாக்காத. இருக்கறதையெல்லாம் மேல கொட்டிட்டேன், இனிமே நீதான். போன்ல நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கட் பண்ணிட்ட, திரும்பப் பண்ணா எடுக்க மாட்டேங்கற, அதான் கடிதம். இத கட் பண்ண முடியாது பாரு. கிழிக்கலாம், ஆனா படிக்காம கிழிக்க உனக்கு மனசு வராது.

நீ என்ன சொன்ன? "கவலை இல்லாத பொம்பளைக்கு ஏன்யா முடி கொட்டுது? ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன், என் தங்கச்சிய கூட்டிட்டுப் போறேன்"ன்னு சொன்ன. அவளே போன வாங்கி "நான் நல்லாருக்கேன் அண்ணே"ன்னா, "பக்கத்துல யாரும்மா நிக்கறது, மெரட்டுறாங்களா"ன்னு கேக்கற. முடி கொட்டுறது கவலையாலன்னா, மச்சான், உன் தலையப் பாத்துட்டு ஊர்ல பாதிப் பேர் உனக்காக அழுதிருக்கணும். நீ கல்யாணத்துக்கு முன்னாடியே வழுக்கை. கவலை அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

நடந்தத மொதல்லேர்ந்து சொல்றேன். லாரி ஓட்டுனது போதும்னு நான் ஸ்டியரிங்க விட்டதும் மகன் எங்கள இந்த மாடி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். வெளிச்சமான வீடு. காத்து கேக்காமலே வருது. ஆனா தண்ணி போர் தண்ணி. அந்தத் தண்ணிய நீ பாக்கணும், தண்ணி மாதிரிதான் இருக்கும், ஆனா ஆளு வேற. சோப்பப் போட்டா நுரையே வராது, தேய்க்கத் தேய்க்க பால் திரிஞ்ச மாதிரி திரிதிரியா வரும். பக்கெட்டு ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. ஷவர்ல பாதி ஓட்டை அடைச்சு, மிச்சப் பாதி பக்கத்து செவுத்தக் குளிப்பாட்டுது. தண்ணி காய்ச்சற கெட்டிலுக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு படிவு. நான் பாத்துட்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்ததுதான் தப்பு. இந்தத் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? ஆனா பொண்டாட்டி தலைக்கும் ரேடியேட்டருக்கும் நான் முடிச்சுப் போடல.

கொஞ்ச நாள்ல உன் தங்கச்சி முடி தேங்காநாரு மாதிரி ஆயிடுச்சு. தலையெல்லாம் ஒரே அரிப்பு, சொறிஞ்சா வெள்ளை வெள்ளையா உதிருது. பாத்ரூம் ஜல்லடையில கொத்துக் கொத்தா முடி. நாற்காலியில உக்காந்தா நுனி தரையத் தொடுற பின்னல் மச்சான் அது, உனக்குத் தெரியாததா. அது எலிவால் ஆயிடுச்சு. அவ வெளிய வர்றதையே நிறுத்திட்டா, கீழ் வீட்டம்மா நடக்கக் கூப்பிட்டா "முட்டி வலி"ங்கறா. எனக்குத் தெரியும், முட்டிக்கு ஒண்ணும் இல்ல.

சரி, பழிய யார்மேலயாவது போடணுமே? உன் தங்கச்சி அத மருமக வாங்கிட்டு வந்த ஷாம்புமேல போட்டா. மருமகளுக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ரெண்டு பேரும் நேராப் பேசறது நின்னு போச்சு, எல்லாம் என் வழியாத்தான். "உங்க மருமககிட்ட சொல்லுங்க, அந்த பாட்டில் எனக்கு வேணாம்." "அத்தைகிட்ட சொல்லுங்க மாமா, வேணாம்னா வச்சுட்டுப் போகட்டும்." நான் சும்மா கொண்டு போய்ச் சேத்திருக்கலாம். நம்ம வாய் உனக்குத் தெரியும்ல? போற வழியில நானா ஒரு வார்த்தை சேத்துட்டேன். "அத்தை கேக்கறா, அது தலைக்குப் போடறதா தரைக்குப் போடறதான்னு." ரெண்டு பேரும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். மருமக கதவச் சாத்திட்டு அழுதா. அன்னைக்குத்தான் உன் தங்கச்சி உனக்குப் போன் போட்டு "இந்த வீடு எனக்கு ஒத்துக்கல அண்ணே"ன்னா. அதப் புடிச்சுக்கிட்டு நீ இன்னும் தொங்கற.

மகன் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். சின்ன வயசு டாக்டரம்மா. உன் தங்கச்சி ஒரு கவர்ல உதிந்த முடியெல்லாம் சேத்து, செத்துப்போன சொந்தக்காரங்களக் கொண்டு போற மாதிரி மடியில வச்சிருந்தா. டாக்டரம்மா ஒரு இழைய எடுத்து பூதக்கண்ணாடிக்குக் கீழ பாத்துட்டு, "இது வேரோட வரலம்மா, நடுவுல ஒடிஞ்சிருக்கு"ன்னாங்க. தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்து முடிமேல படிஞ்சுடுதாம், சோப்பு அழுக்கும் அதோட சேந்து ஒட்டிக்குதாம், முடி வறண்டு ஒடியுது, மண்டத்தோலும் காஞ்சு அரிக்குது. வேர் நல்லாத்தான் இருக்குன்னாங்க. "கவலையால இல்லையா டாக்டர்?"னு இவ கேட்டா. "கவலையாலயும் சில பேருக்குக் கொட்டும். உங்களது அப்படி இல்ல. நீங்க கவலைய விட்டாலும் இந்தத் தண்ணி உங்கள விடாதும்மா"ன்னாங்க. கேட்டுக்கோ மச்சான். படிச்சவங்க சொன்னது. கடைசியா அலசறத மட்டுமாவது நல்ல தண்ணியில அலசுங்க, முடிஞ்சா ஃபில்டர் போடுங்கன்னு சொல்லி அனுப்புனாங்க.

நல்ல தண்ணின்னதும் எனக்கு மூளை வேலை செஞ்சுது. சுண்ணாம்பே இல்லாத தண்ணி லாரிக்காரனுக்குத் தெரியாதா? நேரா மெக்கானிக் கடைக்குப் போயி ரெண்டு கேன் பேட்டரி தண்ணி வாங்கிட்டு வந்தேன். கேன் மேல பேட்டரி படம் போட்டிருந்துச்சு, அதக் கிழிச்சிருக்கணும். உன் தங்கச்சி பாத்துட்டா.

"என்னங்க இது?"

"காய்ச்சி வடிச்ச தண்ணி. சுத்தம்னா அவ்வளவு சுத்தம்."

"நான் என்ன லாரியா?"

"லாரியா இருந்தா இந்நேரம் பெயின்ட் அடிச்சு வித்திருப்பேனே."

அன்னைக்கு எனக்குச் சாப்பாட்ட மகன்தான் போட்டான்.

அப்புறம்தான் ஃபில்டர். மகன் வாங்கிட்டு வந்தான், பிளம்பரைக் கூப்பிடறேன்னான். நான் விடுவேனா? "எஞ்சினையே எறக்கி ஏத்துனவன்டா உங்கப்பன், பைப்புக்கு ஆள் வைக்கறியா"ன்னு சட்டையக் கழட்டிட்டு எறங்கிட்டேன். ஹால் முழுக்கத் தண்ணி நின்னது உண்மை. சோபா இன்னும் முழுசாக் காயல, அதுவும் உண்மை. ஆனா மாட்டிட்டேன்ல!

அதுக்கப்புறம் பாரு மச்சான் மாயத்த. வாரத்துக்கு வாரம் கொட்டுறது கொறைஞ்சு முடி நின்னுச்சு. அரிப்பு போச்சு. நெத்தியோரம் கொழந்தைக்கு மொளைக்கற மாதிரி பூனைமுடி வந்திருக்கு. உன் தங்கச்சி கீழ் வீட்டம்மாகூட நடக்கப் போறா, முட்டி வலியும் போச்சு. வீடே மாறிடுச்சு. கக்கூஸ் எப்படிப் பளபளன்னு இருக்கு தெரியுமா, ஒரு வெள்ளைக் கறை இல்ல, மருமக தேய்க்கற தேய்ப்புன்னு நானே கூப்பிட்டுப் பாராட்டுனேன். அவளும் தலையக் குனிஞ்சுகிட்டு "சரி மாமா"ன்னா. அடக்கமான பொண்ணு. இப்ப உன் தங்கச்சிக்குத் தலைக்கு ஊத்திவிடறதே அவதான். ரெண்டு பேரும் பாத்ரூமுக்குள்ள போனா ஒரே சிரிப்பு, தண்ணி அவ்வளவு இதமா இருக்கு போல. ஒரே ஒரு கொறை, குடிதண்ணி கேன் மட்டும் சீக்கிரம் தீந்துடுது. மகன்தான் குடிக்கறான்னு நெனைக்கறேன். சுகர் பாத்துக்கடான்னு சொல்லியிருக்கேன்.

இப்படிப்பட்ட வீட்லேர்ந்து நீ அவள ஏத்திட்டுப் போகப் போறியா? லாரி ஓட்டுன காலத்துல தெருமுனை திரும்பும்போதே மாடியில அவ முடி காய வச்சிட்டு நிக்கறது தெரியும். அதப் பாத்துத்தான் ஹாரன் அடிப்பேன். இப்ப லாரி இல்ல, ஹாரன் இல்ல. அவதான் இருக்கா. அவளையும் ஏத்திட்டுப் போயிட்டா நான் காலையில எந்திரிச்சு யார வம்புக்கு இழுக்கறது? உன்ன இழுக்கலாம்னா நீதான் போன எடுக்க மாட்டேங்கறியே. அதனால ஞாயித்துக்கிழமை வராத மச்சான். ஒரு லாரி டிரைவர் மூளையும் ஒரு ஸ்பானரும் சேந்து உன் தங்கச்சிய காப்பாத்தியாச்சு.

உன் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், நாப்பது வருஷமா உன்ன சகிச்சதுக்கு ஒரு வணக்கம் கூடுதலா. பேரப் பிள்ளைங்க முடியும் மூளையும் அவங்க பாட்டி பக்கமா வளரட்டும். உன் தலை என்னைக்கும்போல ஒளி வீசட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கச்சிய நல்லாப் பாத்துக்கற
உன் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேல எழுதுன எதையும் நம்பாத.

கவர ஒட்டப் போற நேரத்துல ஃப்ளஷ் டேங்க் ஒழுகுதுன்னு மகன் பிளம்பரைக் கூட்டிட்டு வந்தான். அவரு உள்ள போயிட்டு வெளிய வந்து, "பெரியவரே, கக்கூஸ் டேங்குக்கு எதுக்கு ஃபில்டர் மாட்டியிருக்கீங்க?"ன்னாரு. ஷவர் பைப்ப விட்டுட்டு பக்கத்துப் பைப்புல மாட்டியிருக்கேன் மச்சான். இத்தன நாளும் கக்கூஸ்தான் நல்ல தண்ணியில குளிச்சிருக்கு.

"அப்ப முடி எப்படி நின்னுச்சு?"ன்னு கேட்டேன். மருமக மகனப் பாக்கறா, மகன் செவுத்தப் பாக்கறான். உன் தங்கச்சிதான் சொன்னா. மாட்டுன மறுநாளே மருமக கண்டுபிடிச்சிட்டாளாம். "மாமா இவ்வளவு சந்தோஷமா இருக்காரு, சொல்லாதீங்க அத்தை"ன்னு சொல்லிட்டு, குடிதண்ணி கேன சாச்சு சாச்சு அவதான் இத்தன நாளும் கடைசி அலசல் அலசிவிட்டிருக்கா. உள்ள கேட்ட சிரிப்பு தண்ணிக்கு இல்ல. எனக்கு.

பிளம்பர் அஞ்சு நிமிஷ வேலை, சரியான பைப்புல மாத்திடறேன்னாரு. உன் தங்கச்சி குறுக்க நின்னுட்டா. "அது அங்கயே இருக்கட்டும்பா. எனக்கு என் மருமக ஊத்துவா"ன்னா. மருமக திரும்பவும் கதவச் சாத்திட்டு அழுதா, இந்தத் தடவை நான் ஒண்ணும் சொல்லல.

அதனால நீ ஞாயித்துக்கிழமை தாராளமா வா. உன் தங்கச்சி வர மாட்டா. ஆனா அண்ணன் காலி வண்டியோட திரும்ப வேணாமாம், என்னைய ஏத்தி அனுப்பறேன்கறா. உன் வீட்டுலயும் பைப்பு இருக்குல்ல? ஸ்பானரோட வர்றேன்.