என்னைக் கண்டுகொள்ளாத விளக்கு

அன்பு மகள் ரூபினிக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே நானும் எங்கள் பாயான் பாரு ஊரும் நலம். நீ வடிவமைத்துப் புதுப்பித்த எங்கள் அலுவலகத்துக்கு நேற்று பசுமைச் சான்றிதழ் மதிப்பீட்டாளர் வந்துபோனார். உற்சாகத்தில் எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. கட்டடம் அருமை.
2. விளக்கு அணைந்ததற்குக் குற்றவாளி நான்.
3. நான் வாய் திறந்து பேசினேன். (பயப்படாதே.)
4. முடிவு. (இதை முதலில் எழுதினால் மற்றதை நீ படிக்கமாட்டாய்.)

முதலாவது. மேற்குச் சன்னல்களுக்கு வெளியே நீ சாய்த்து நிறுத்திய பலகைகள் வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகின்றன. அவற்றுக்கு எப்படி இரண்டையும் பிரிக்கத் தெரிகிறது என்று எனக்கு இன்னும் வியப்பு. பழைய ஏர்கோன் குளிரூட்டிய காலத்தில் கம்பளிச் சட்டையோடு வேலைக்கு வந்தவன், இப்போது வெறும் சட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். சேமித்த மழைநீரில்தான் கழிவறை ஓடுகிறது. மழை பெய்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, காரணமில்லாமல்.

இரண்டாவது. என் மேசை உள்மூலையில். அங்கே ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசைவில்லையென்றால் அணையும். நானோ தொழிற்சாலைப் பாதுகாப்பு அறிவிப்புகளின் தமிழைத் திருத்துபவன். ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்தால் கல்லாகிவிடுவேன், விளக்கும் போய்விடும். மேலாளர் சித்தி ஆயிஷா (உறவில்லை, பேரே அப்படி), "அங்கிள், கொஞ்சம் கைய ஆட்டுங்களேன்" என்றார். ஆட்டினேன். சில சமயம் எரிந்தது, சில சமயம் எரியவில்லை. ஆட்டும் விதம் தவறோ என்று வீட்டில் கண்ணாடி முன் பயிற்சி செய்தேன். பக்கத்து மேசை லோகேஸ்வரன், "யாருக்கு அங்கிள் டாட்டா காட்டுறீங்க?" என்று கேட்டான். புகார் எழுதினால் உன் முதல் கட்டடத்துக்குச் சான்றிதழ் கிடைக்காமல் போகுமே என்று, பேசாமல் ஒரு டார்ச்லைட் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது. மதிப்பீட்டாளர் ஃபிக்ரி, தமிழ் முஸ்லிம் இளைஞர், நேரே என் மூலைக்குத்தான் வந்தார். இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு ஒற்றுத் தேடுகிறேன்.

"என்னா அங்கிள் இது, குகையா?"

"இல்லீங்க... பழக்கம்."

"ஆளு இருக்கும்போதே விளக்கு எரியலன்னா நான் எழுதித்தான் ஆகணும். டிசைன் பேப்பர்ல மட்டும்தான் நல்லாருக்கு போல."

அவ்வளவுதான், ரூபினி. எனக்குள் எது எழுந்தது என்று தெரியவில்லை, நானும் எழுந்துவிட்டேன். "பேப்பர்லயா? எந்த ஆபீஸ்லயாவது, கெழவன் குளிர்ல நடுங்குறானான்னு கேட்டிருக்காங்களா, தம்பி? இத டிசைன் பண்ண பொண்ணு கேட்டுச்சு! வெளிய போயி அந்தப் பலகையோட சாய்வப் பாருங்க! விளக்குக்கு என்னைத் தெரியலன்னா, நான் அசையாதது என் கொற. எழுதுறதுன்னா என் பேர எழுதுங்க!" இரண்டு கைகளும் காற்றில். பளிச்சென்று விளக்கு எரிந்தது! அப்புறம் அணையவே இல்லை, நானும் நிறுத்தவில்லை. கழிவறையைப் பற்றியும் பேசினேன்.

நான்காவது. ஃபிக்ரி சிரித்துவிட்டார். "உக்காருங்க அங்கிள். விளக்க மட்டும் சரிபண்ணட்டும், சர்டிபிகேட்டுக்கு நான் ஓகே எழுதிடுறேன்."

நீ கட்டும் வீடுகளிலெல்லாம் வெளிச்சமும் காற்றும் கேட்காமலே வரட்டும்.

உன் சித்தப்பா,
குணாளன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மின்பணியாளர் வந்துபோனார். இரண்டாவது குறிப்பு தவறு, மன்னித்துக்கொள். குற்றவாளி நான் அல்லவாம். உன் வரைபடம் சரி, பொருத்தியவர்கள்தான் அசைவைக் கண்டறியும் கருவியை என் மேசைக்கு முதுகு காட்டி, நடைவழிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். என் கையாட்டலை அது ஒருநாளும் பார்த்ததில்லை; யாராவது நடைவழியில் போனால் மட்டும் எரிந்திருக்கிறது. "அப்போ நேத்து நான் பேசுறப்ப எரிஞ்சுச்சே?" என்று கேட்டேன். சித்தி ஆயிஷாதான் பதில் சொன்னார்: "நீங்க பேசுறத கேக்க மொத்த ஆபீஸும் எழுந்து வந்து நடைவழியில நின்னுச்சு அங்கிள். நீங்கதான் திரும்பியே பாக்கல."