வாயைக் கட்டிக்கொண்ட கற்பூரம் அண்ணன்

பினாங்குத் தீவு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் கற்பூரம் அண்ணனைப் போல மனதில் கள்ளமில்லாத மனிதர் கிடைக்கமாட்டார். அவரை நம்பிக் கெட்டவர்களோ சந்துக்குச் சந்து கிடைப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பினாங்கு வீதிக்குப் பின்னால், ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிகள் தங்கிச் சாப்பிட்ட மெஸ்ஸில் அவர்தான் மூத்தவர். யார் தீக்குச்சியைக் காட்டினாலும் பற்றிக்கொள்வார். அதனால் அந்தப் பெயர். ஆமாஞ்சாமி என்று நினைத்துவிடாதீர்கள். ஆமாஞ்சாமி மனதறிந்து பொய் சொல்வான். இவர் சொல்கிற நேரத்தில் ஒவ்வொரு சொல்லையும் நெஞ்சாரச் சொல்வார். என்ன, அடுத்த ஆள் வந்தால் அடுத்த உண்மை!

மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. இரண்டுக்கும் தலைவர் அவரே. இரண்டு கூட்டத்திலும் கண்கலங்கப் பேசினார். மனதிலிருந்து பேசுவது வேறு, பேசியதில் நிற்பது வேறு என்று நான் படித்துக்கொண்டது அவரிடம்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்தில் பெண் கொடுக்க வருபவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி மெஸ்ஸின் மூத்தவரிடம்தான் விசாரிப்பார்கள். என் அறைத்தோழனுக்கு வந்த சம்பந்தத்தில், "பையன் கொஞ்சம் முன்கோபியோ?" என்று பெண்ணின் அப்பா சும்மா கேட்டு வைத்தார். "ஆமாண்ணே, எனக்கே பயமாத்தான் இருக்கு!" என்று நம்மவர் உருகிவிட்டார். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே கப்பல் ஏறிவிட்டது.

அடுத்தது என் முறை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் ஒருமுறை பார்த்த பெண். அவளைத் தவிர வேறொருத்தியை நினைக்கவே முடியாத நிலையில் இருந்தேன். தைப்பிங்கிலிருந்து அவள் அப்பா வருவதாகத் தகவல் வந்ததும், கற்பூரம் அண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"உனக்காக உசிரையே குடுப்பேன்லா தம்பி!" என்றார், கண்ணில் நீரோடு. அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

மறுநாள் பெரியவர் வந்து அமர்ந்தார். உள்ளேயிருந்து கற்பூரம் அண்ணன் வந்தார். காவடிக்காரர்கள் மௌன விரதத்துக்குக் கட்டுவதுபோல மஞ்சள் துணியால் வாயை இறுக்கக் கட்டியிருந்தார். தைப்பூசம் முடிந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது!

"பையன் எப்படிங்க?" என்றார் பெரியவர். அண்ணன் வாய்த்துணியைத் தொட்டுக் காட்டினார்.

"குடி கிடி உண்டா?" பழக்க தோஷத்தில் அண்ணன் தலை ஆமாம் என்று ஆடத் தொடங்கியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தினார். கண்ணீர் மஞ்சள் துணியை நனைத்தது.

"எதுக்குத் தம்பி இவரு அழுறாரு? அப்படி என்ன பண்ணின நீ?" என்று பெரியவர் என் பக்கம் திரும்பினார். என் கல்யாணம் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது.

"விரதம் எப்பதான் முடியும்?" என்று மறுபடி கேட்டார். அண்ணன் பெரியவரைக் காட்டினார். பிறகு அக்கரைக்குப் போகும் பெர்ரிப் படகுத்துறை இருக்கும் திசையைக் காட்டினார்.

"நான் போனப்புறமா?"

இனி மறைத்துப் பயனில்லை. "யாரு எதைச் சொன்னாலும் அவரு மனசார நம்பிடுவாரு மாமா. நீங்க என்னைக் குறை சொன்னா அவரும் சொல்லிடுவாரு. அதான் கட்டிக்கிட்டாரு" என்று கொட்டிவிட்டேன்.

பெரியவர் அண்ணனின் நனைந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லதா நாலு வார்த்தை சொல்ல எந்த ஊர்லயும் ஆளு இருக்கு. கெட்டது வாயில வந்துடக் கூடாதுன்னு இப்படித் தவிக்கிறவரை இப்பதான் பார்க்கிறேன். தேதி பாருங்க."

அவர் தெருமுனை திரும்பியதும் அண்ணன் துணியை அவிழ்த்தார். கன்னமெல்லாம் தடம் பதிந்திருந்தது. முதல் வார்த்தையே இதுதான்:

"ரொம்ப நல்ல மனுஷன் தம்பி. அவரு மட்டும் 'இந்தப் பையன் வேணாம்'னு சொல்லியிருந்தா, நானும் 'வேணாம்'னுதான் சொல்லியிருப்பேன்லா!"

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவரோடு சேர்ந்து நானும் அழுதேன்.